சங்ககிரி துர்க்கத்தில் ஒரு நாள்

சேலம் நகரவாசிகளுக்கு மலை என்பது அபூர்வமான வஸ்து அல்ல. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று எந்தத் திக்கில் திரும்பினாலும் ஒரு மலை கண்ணுக்குத் தென்படும். அஸ்தம்பட்டியில் வசிக்கும் எங்களுக்கோ சேர்வராயன் மலை வாசற்படியைப் போல. ஏற்காட்டுக்குச் செல்லும் மோட்டார்கள் எங்கள் பேட்டையைத் தாண்டித்தான் போகவேண்டும். விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள், இருபது கொண்டையூசி வளைவுகளையும் ஒரே மூச்சில் கடந்து, குளிர்ந்த காற்றையும் ஏரியில் படகையும் நாடி விரைந்துகொண்டிருப்பார்கள்.

அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இதே சேலத்திலிருந்து தென்மேற்கே சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இன்னொரு மலை இருக்கிறது. அங்கே குளிரும் இல்லை, படகும் இல்லை, காப்பித் தோட்டமும் இல்லை. ஆனால் நம் தேச சரித்திரத்தின் ஒரு முக்கியமான அத்தியாயம் அந்த மலையின்மீது கருங்கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் சங்ககிரி துர்க்கம்.

சென்ற தை மாதத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர்கள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்தேன். வெயில் காலத்தில் அந்த மலையில் ஏறுவது சிரம சாத்தியம்; மழைக்குப் பின்வரும் மாதங்களே உகந்தவை. அஸ்தம்பட்டியிலிருந்து டவுன் பஸ், பிறகு ஈரோட்டு பஸ், ஒரு மணி நேரப் பிரயாணம். ரயிலில் போகிறவர்களுக்கும் வசதி உண்டு. சேலம்-ஈரோடு மார்க்கத்தில் சங்ககிரி ஒரு ஸ்டேஷன். லாரித் தொழிலுக்குப் பெயர் போன ஊராகையால், நெடுஞ்சாலை ஓரமெங்கும் லாரிகளும் பட்டறைகளும் கண்ணில் படும். அவற்றுக்கெல்லாம் மேலே, ஆரவாரம் எதுவும் தன்னைச் சேராதது போல, மலை மௌனமாக நிற்கிறது.

மலையும் பெயரும்

பார்க்கும் திக்கைப் பொறுத்து மலையானது ஒரு சங்கைப் போல் தோன்றும். சங்ககிரி என்ற பெயருக்குக் காரணம் அதுவே என்பர். துர்க்கம் என்ற வடசொல்லுக்கு, எளிதில் அணுக முடியாதது என்பது பொருள். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது பாதி வழி ஏறுவதற்குள்ளாகவே கால்களுக்குத் தெரிந்துவிடும்.

விஜயநகர அரசர்கள் காலத்தில் தோன்றியதாகக் கருதப்படும் இந்தக் கோட்டை, பின்னால் மைசூர்க்காரர் வசமாகி, கடைசியில் இங்கிலீஷ்க் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அவரவர் காலத்தில் அவரவர் சேர்த்த மதில்கள் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்கின்றன. ஒரு வாயிலைக் கடந்ததும், "அப்பாடா, கோட்டைக்குள் வந்துவிட்டோம்" என்று மாணாக்கர்கள் குதூகலித்தார்கள். சிறிது தூரம் ஏறினால் இன்னொரு வாயில். அதற்கு மேலும் மற்றொன்று. நேராக உள்ளே நுழைய எந்த வாயிலும் இடம் கொடுப்பதில்லை. வளைந்து திரும்பித்தான் போகவேண்டும். வேகமாக ஓடிவரும் பகைவனும் அங்கே நின்று திரும்ப வேண்டியிருக்கும். அந்தக் கணத்தில் அவன் மேலிருப்பவர்களின் குறிக்குத் தப்ப முடியாது.

வழியில் இஸ்லாமியப் பெரியார் ஒருவரின் தர்கா இருக்கிறது. மலையுச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் பக்தர்கள் ஏறி வருகிறார்கள். கோட்டைக்காக யுத்தம் செய்தவர்கள் போய்விட்டார்கள். கும்பிட வருகிறவர்கள் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

எல்லைக் காவல்

இந்த மலை ஏன் இத்தனை முக்கியத்துவம் பெற்றது என்பதை உச்சியில் நின்றால் யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம். கீழே சமவெளி விரிந்து கிடக்கிறது. மேற்கே காவிரி பாயும் பிரதேசம். அதற்கப்பால் கொங்கு நாடு. இந்தப் பக்கமாக வரும் சேனை எதுவானாலும் மேலிருக்கும் காவற்காரனின் கண்ணில் படாமல் போகமுடியாது.

முதல் மைசூர் யுத்தத்தின்போது, 1768-ஆம் வருஷத்தில், கர்னல் உட் என்பவரின் தலைமையில் வந்த கம்பெனிப் படை சேலம், நாமக்கல் முதலிய இடங்களைப் பிடித்தது. சில மாதங்களுக்குள்ளாகவே ஹைதர் அலி திரும்பி வந்து அவற்றை மீட்டுக்கொண்டார். மூன்றாவது யுத்தம் முடிந்து 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டபோது, சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானின் கையை விட்டுப் போயின. கோயமுத்தூர்ச் சீமையோ 1799 வரையில் அவரிடமே இருந்தது. ஆகவே அந்த ஏழு வருஷ காலம், காவிரிக்கு இக்கரையில் கம்பெனி, அக்கரையில் திப்பு என்று ஆயிற்று. சங்ககிரி எல்லைக் காவல் புரிந்த காலம் அது. பிற்காலத்தில் சென்னைக் கவர்னராகிய மன்றோ, காப்டன் ரீட் என்பவருக்குக் கீழே இளம் உத்தியோகஸ்தராக இந்த ஜில்லாவில் நிலவரி வேலை கற்றதும் அந்தக் காலத்திலேதான்.

1799-ல் திப்பு போர்க்களத்தில் வீழ்ந்த பிறகு, கொங்கு நாட்டில் கம்பெனியை எதிர்த்து நின்ற பாளையக்காரர்களில் தலைசிறந்தவர் தீரன் சின்னமலை. காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீர்த்தகிரிதான் அவர். 1801-ல் காவிரிக் கரையிலும், 1802-ல் ஓடாநிலையிலும், 1804-ல் அரச்சலூரிலும் அவர் கம்பெனிப் படையோடு பொருது வென்றதைக் கொங்கு நாடு இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. முடிவில் சூழ்ச்சியால் பிடிபட்டு, 1805-ஆம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி, தம் சகோதரர்களுடன் இந்தச் சங்ககிரிக் கோட்டையிலே தூக்கிலிடப்பட்டார். இருநூறு வருஷம் கழித்து, 2005-ல், இந்திய சர்க்கார் அவருடைய ஞாபகமாகத் தபால் தலை வெளியிட்டது. வருஷந்தோறும் ஆடிப் பெருக்கன்று, காவிரியில் புதுவெள்ளத்தைக் கொண்டாடும் கொங்கு ஜனங்கள் சின்னமலையின் நினைவையும் சேர்த்தே போற்றுகிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வந்த ஒரு பையன், "அப்படியானால் இது நமக்கு ஜயம் தந்த இடமா ஸார், தோல்வி தந்த இடமா?" என்று கேட்டான். சரியான கேள்விதான். இரண்டுக்கும் சாட்சியாக நின்ற இடம் என்று பதில் சொன்னேன். அந்தச் சாட்சி கலைந்துபோனால், நாளைக்கு வேறொரு பையன் கேள்வி கேட்பதற்கே சந்தர்ப்பம் இல்லாமல் போய்விடும்.

கிழவர் சொன்ன பாடம்

பாதி மலையில், மதில் நிழலில், அடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்குமேல் இருக்கும். மேய்ச்சலுக்கு வந்த ஆடுகளைத் தேடி ஏறியவர். எங்கள் மாணாக்கர்களில் ஒருவன் சாவியை எடுத்து மதில்மீது கீறத் தொடங்கியதை எனக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, செவுத்துல பேரு எழுதி என்னங்க ஆவப் போவுது? இந்தச் செவுத்தக் கட்டுனவன் பேரே எங்கியும் இல்லீங்களே!" என்றார்.

பையன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அங்கே முன்பே கீறப்பட்டிருந்த பெயர்கள் எத்தனையோ! காதலர்களின் பெயர்கள், கட்சிகளின் பெயர்கள், வந்து போன தேதிகள். நூறு வருஷ மழையும் வெயிலும் செய்யாத சேதத்தை ஒரு விடுமுறை நாளில் செய்துவிடுகிறோம்.

பேச்சுக் கொடுத்தபடியே பெரியவர் எங்களோடு நடந்து வந்தார். மதிலுக்கு வெளியே சரிவில் அடர்ந்திருந்த சதுரக்கள்ளிப் புதரைக் கைகாட்டினார்.

"கோட்டைன்னாச் செவுரு மட்டும்னு நெனச்சுப் போடாதீங்க வாத்தியாரய்யா. இந்தக் கள்ளி இருக்குதுங்களே, இதுவும் கோட்டைதானுங்க. செவுத்துல ஏறுறவன ஆளு பாத்துத் தள்ளோணும். கள்ளிக்குள்ள பூந்தவன ஆரும் தள்ள வேண்டியதில்லீங்க."

பிறகு ஒரு சுனையின் கரையில் நின்று, "இதுல தண்ணி வத்திப் போச்சுன்னா, மேல இருக்கறவங்க தானா எறங்கி வந்துருவாங்க. பீரங்கி எதுக்குங்க?" என்றார்.

எனக்குத் திருக்குறளின் அரண் அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. அரணுக்கு இன்றியமையாதவையாக வள்ளுவர் அங்கே சொல்வது நான்கு: தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு. மதிலின் உயரத்தையும் திண்மையையும் பற்றி அடுத்த குறளில்தான் பேசுகிறார். அதிகாரத்தைப் பல வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதன் உரையை மலைச்சரிவில் ஆட்டுக்காரப் பெரியவர் வாயிலாகக் கேட்கும் பாக்கியம் அன்றுதான் கிடைத்தது.

கோட்டையைப் பாதுகாப்பது என்று நாம் பேசும்போது பெரும்பாலும் மதிலை மட்டுமே மனத்தில் கொள்கிறோம். இயற்கையைப் பாதுகாப்பது என்று பேசுகிறவர்களோ மரத்தையும் பறவையையும் மட்டும் நினைக்கிறார்கள். சங்ககிரி போன்ற மலைகளில் இவ்விரண்டையும் பிரிக்க வழியில்லை. காடும் சுனையும் யுத்த காலத்து ஏற்பாட்டின் பாகங்கள். அவற்றை இழந்த மதில், வாசகம் அழிந்துபோன கல்வெட்டுக்குச் சமானம்.

மலையின் மற்றக் குடிகள்

நம் பக்கத்து வறண்ட மலைகளைப் பார்த்து, "வெறும் முட்காடு" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அநேகர். அவர்களுக்குப் பச்சைப் பசேலென்ற ஏற்காடுதான் காடு. ஆனால் உசிலும், வெள்வேலும், வெப்பாலையும், கிளுவையும், கள்ளியும் சேர்ந்த இந்த முட்காட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பாறை இடுக்கில் ஒரு பிடி மண்ணை நம்பி வேர்விட்டு, பல மாத வறட்சியைத் தாங்கி, முதல் மழைக்குத் துளிர்ப்பது சாமானிய காரியமா? அந்த வேர்கள்தாம் சரிவு மண்ணைப் பிடித்து வைக்கின்றன. மண் நின்றால்தான் மதிலின் அஸ்திவாரம் நிற்கும். மழைநீரும் வழிந்தோடாமல் கசிந்து சுனையில் சேரும்.

ஆனால் எல்லா முள்ளும் காவல் முள் ஆகிவிடாது. அழகுச் செடியாகக் கம்பெனி நாளில் கப்பலேறி வந்த உண்ணிச்செடியும், பின்னால் வந்த சீமைக் கருவேலும் நம் மலைகளிலும் தரைகளிலும் பரவி, பழைய குடிகளைத் துரத்துகின்றன. அவற்றை அகற்றவேண்டியதுதான். அகற்றுகிறவர்களுக்கு எது உசில், எது சீமைக் கருவேல் என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்தம் செய்கிறோம் என்று காவற்காட்டையே வெட்டிவிடுவோம்.

கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கமும் பொல்லாதது. கல்லுடைக்கிற தொழிலாளிகளைக் கேட்டுப் பாருங்கள்: பாறைமேல் நெருப்பு மூட்டிச் சூடேற்றினால் பாறை பாளம் பாளமாகப் பிளந்துகொள்ளும். அந்த யுக்தியால்தான் வெடிமருந்து இல்லாமலே கல்லெடுத்தார்கள். அதே நெருப்பு கோட்டை மதிலின் அடியில் மூண்டால், கருங்கல் மட்டும் தப்புமா? புதரோடு பறவைக் கூடும் எரிகிறது. மதிலின் முகமும் உதிர்கிறது.

மதிலின்மீதே முளைக்கும் அரசும் ஆலும் வேறு சங்கதி. பறவை எச்சத்தில் விழுந்த விதை, கல்லிடுக்கில் முளைத்து, வேர் பருத்து, பாறாங்கற்களையும் பெயர்த்துவிடும். இவற்றை மட்டும் தயவு தாட்சண்யம் பாராமல் எடுக்கவேண்டும். எடுக்கிற விதம் முக்கியம். மேலே கிளையை வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு இரட்டிப்பாகத் துளிர்க்கும். வேரோடு சாகச்செய்து, அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்கவேண்டும்.

ஏன் சுண்ணாம்பு, சிமெண்டு ஆகாதா என்று கேட்கலாம். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி. 1963-ல் இங்கே சிமெண்டு ஆலையே தொடங்கிற்று. என்றாலும் பழங்கட்டடத்துக்குச் சிமெண்டு ஒவ்வாது. அது இறுகிப்போய், சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவைக்கும். உப்புப் பூத்துப் பழைய செங்கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்புக் காரையோ ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சுவர் சிறிது அசைந்தாலும் தானும் இணங்கிக் கொடுக்கும். நம் கொத்தர்கள் அந்தக் காரையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்கள். கடுக்காய் எங்கிருந்து வரும்? சேர்வராயன், கொல்லி போன்ற மலைகளின் காடுகளிலிருந்துதான். ஆகக் காட்டைக் காப்பாற்றாமல் கோட்டைக்குக் காரையும் இல்லை!

பிற இடங்களில்

இப்படி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பார்வை உலகத்துக்கு மெள்ள மெள்ள வந்துகொண்டிருக்கிறது. இத்தாலி தேசத்து டோலமைட் மலைகளில், முதல் மகாயுத்தத்தின்போது, 1915 முதல் 1917 வரை, இத்தாலியரும் ஆஸ்திரியரும் பனிச்சிகரங்களைக் குடைந்து சுரங்கம் அமைத்துப் போரிட்டார்கள். லகஸுவாய் என்னும் சிகரத்தில் அந்தச் சுரங்கங்களையும் பதுங்குகுழிகளையும் பழுது பார்த்து, மலையையே ஒரு திறந்தவெளிப் பொருட்காட்சி சாலையாக வைத்திருக்கிறார்கள். யுத்தச் சின்னங்களைக் காப்பதற்கென்றே 2001-ல் அந்த தேசத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2009-ல் அதே மலைத்தொடர் இயற்கைச் செல்வமாக உலக பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025 ஜூலையில், மராத்தியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள் அதே பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில்; மீதி ஒன்று நம்முடைய செஞ்சி. "கோட்டைகள்" என்று சொல்லாமல் "நிலப்பரப்புகள்" என்று பெயரிட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும்.

மதுரைக்கு அருகே அரிட்டாபட்டியில் குன்றுகளும், சமணப் படுக்கைகளும், குடைவரைக் கோயிலும், பருந்தினங்களும் ஒருங்கே இருக்கின்றன. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024-ல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தபோது ஊர் ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது. கல்வெட்டுக்காகப் பாதிப் பேரும் பருந்துக்காகப் பாதிப் பேரும் என்று பிரிந்து நின்றிருந்தால் அந்தக் காரியம் கைகூடியிராது.

நம் கடமை

சங்ககிரிக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ஆம் வருஷத்துச் சட்டமும் 2010-ல் செய்த திருத்தமும் அதற்கு வேலியாக நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பக்கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசம், அல்லது லக்ஷம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாவியால் பெயர் கீறுகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது, பெற்றோர்களுக்கும் தெரியாது.

நம் அரசியல் சாசனத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட பிரஜைகளின் கடமைகளைப் படித்துப் பார்த்தால் ஓர் அழகான பொருத்தம் தெரியும். நம் கூட்டுப் பண்பாட்டின் வளமான பாரம்பரியத்தைப் பேணுவது ஒரு கடமை. காடு, ஏரி, ஆறு, வன உயிர் ஆகியவற்றைக் காப்பது அதற்கு அடுத்த கடமை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருக்கின்றன. நடைமுறையில் மட்டும் கல் ஓர் இலாகா, மரம் ஓர் இலாகா என்று பிரிந்து கிடக்கின்றன. மலைக்கோட்டைகளுக்காவது இரண்டு இலாகாக்களும் கலந்து ஒரே திட்டம் வகுக்கவேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசையாகாது.

சர்க்கார் செய்யவேண்டியது அது. குடும்பஸ்தர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. குழந்தைகளை ஒரு முறையாவது இந்த மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். சின்னமலையின் கதையை வழியில் சொல்லுங்கள். கொண்டுபோன தண்ணீர்ப் புட்டிகளையும் தின்பண்ட உறைகளையும் கீழே கொண்டுவந்து சேருங்கள். நாங்கள் பார்த்த சுனையில் மிதந்தவற்றைப் பொறுக்கியபோது இரண்டு சாக்கு நிறைந்தது. கைப்பேசியில் படம் பிடிக்கட்டும், பாதகமில்லை. மதிலின் படத்தோடு உசில் மரத்தையும் படம் பிடித்து, அதன் பெயரையும் தெரிந்துகொண்டு வரட்டும். சேலத்துப் பள்ளிக்கூடங்கள் ஆளுக்கொரு மலையை எடுத்துக்கொண்டு, அதன் சுனைகளையும் மரங்களையும் இடிபாடுகளையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தால், பத்து வருஷத்தில் எந்த இலாகாவிடமும் இல்லாத ஒரு கணக்கு நம்மிடம் இருக்கும்.

எங்கள் பன்னிரண்டு மாணாக்கர்களும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அதன் முதல் பக்கத்தில், சாவியை எடுத்த பையன்தான், கோட்டையின் பாகங்கள் என்று தலைப்பிட்டு எழுதியிருக்கிறான்: வாயில்கள், மதில்கள், சுனைகள், கள்ளி.